திரும்பும் வரி

அக்காவுக்கு,

பைலட்டுகள் சங்க அலுவலகத்தில் டைப் செய்யும் பெண்ணின் வணக்கம். நீங்களும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்கள் வீட்டுக்காரரான எங்கள் கேப்டன் என்றைக்கு எங்கே பறக்கிறார் என்கிற ரோஸ்டரை உங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறவள் நான்தான். இந்த வாரம் ரோஸ்டர் இல்லை. இந்தக் கடிதம் மட்டும்தான்.

நாம் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறோம். நீங்கள் ஆஸ்பத்திரி வேலைக்காக வெளிநாடு கிளம்புவதற்கு முந்தின வாரம், பாப்பாவோடு அலுவலகத்துக்கு வந்தீர்கள். என்ன பேசுவது என்று தெரியாமல் நான் காகிதங்களுக்கு ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டே இருந்தேன். "பின் தீர்ந்துடப் போகுது, உட்காரும்மா" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை உங்கள் எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். என் குரல் அப்படி, பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. இங்கே பைலட்டுகள், விமான நிலையத்துக் கட்டுப்பாட்டு கோபுரத்தைச் சொல்வதுபோல, எனக்குக் கேலியாக "டவர்" என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் வாயைத் திறந்தால் போதும், "டவர் பேசுது, மூச்சு விடாதீங்கப்பா" என்பார்கள்.

அக்கா, கேப்டனைப் புதுக் கம்பெனி எடுக்கவில்லை.

எப்படிச் சுற்றி வளைத்தாலும் கடைசியில் இந்த வரிக்குத்தான் வர வேண்டும் என்பதால் முன்னாலேயே எழுதிவிட்டேன். ஐந்து மாதமாக உங்களுக்கு வந்த ரோஸ்டர்கள் எல்லாமே பொய். அவர் சொன்னார், நான் டைப் செய்தேன்.

பழைய கம்பெனி திவாலாகி, நீதிமன்றம் நியமித்த அதிகாரி வந்து சீல் வைத்ததுவரை உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். விமானங்களை வாங்கிய புதுக் கம்பெனி, முந்நூறு பைலட்டுகளில் அறுபது பேரை மட்டும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. வருகிறவர்கள் சங்கத்தில் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அறுபது பேரும் என் மேஜைக்கு வந்து விலகல் கடிதம் கொடுத்தார்கள். வேலைநிறுத்தத்தில் தொண்டை கிழியக் கத்தியவர்கள், என் முகத்தைப் பார்க்காமல் பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்கள். கேப்டன் சங்கச் செயலாளர் அல்லவா, ஒவ்வொரு கடிதத்தையும் அவர்தான் ஏற்க வேண்டும். ஒருவரையும் அவர் திட்டவில்லை. "போங்கடா, போய்ப் பறங்கடா. இங்க உட்கார்ந்து என்கூட ஈ ஓட்டவா போறீங்க?" என்று முதுகில் தட்டி அனுப்பினார். சீனியாரிட்டி பட்டியலில் அவர் பெயர் நாலாவது. புதுக் கம்பெனியிலிருந்து பட்டியல் திரும்பி வந்தபோது, முதல் பத்துப் பெயர்களில் அந்த ஒன்றின் மேல் மட்டும் கோடு இழுத்திருந்தது. வேலைநிறுத்த நோட்டீஸில் கையெழுத்து அவருடையது.

அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருப்பார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் வந்து, புதுக் கம்பெனி பெயரில் ஒரு ரோஸ்டர் அடித்துத் தர முடியுமா என்று கேட்டார். பைலட் வீடுகளுக்கு நகல் அனுப்புவது சங்கத்தின் வழக்கம்தானே, அதனால் உங்களுக்குச் சந்தேகம் வராது என்றார். "அவ அங்க ரெண்டு ஆள் வேலையை ஒத்த ஆளா பார்க்குறா. ஒரே ஒரு மாசம்மா. அதுக்குள்ள எனக்கு வேற எங்கயாவது கிடைச்சிடும்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கினவள் நான். அம்மா அந்தப் பழைய கம்பெனியில் விமானத்துக்குள் பெருக்கித் துடைத்தவர். படித்துவிட்டுச் சும்மா இருக்கிறாள் என்று அம்மா விமானத்தின் ஏணிப்படியில் நின்று கேப்டனிடம் கேட்டுத்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. அவர் கேட்டதை எப்படி முடியாது என்பேன்?

அவருக்காக நாற்பத்தொரு விண்ணப்பங்கள் டைப் செய்தேன். இரண்டுக்குத்தான் பதில் வந்தது. இரண்டு பேருமே சங்கத்தில் என்ன பொறுப்பு வகித்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். மறைத்து எழுதலாமா என்று கேட்டேன். அது மட்டும் வேண்டாம் என்றார். அத்தோடு அந்த இரண்டும் ஓய்ந்தன.

பொய் ரோஸ்டரிலும் அவர் விதியை மீற மாட்டார் அக்கா. ஒரு தடவை கவனமில்லாமல், இருட்டிய பிறகு வந்திறங்கும் விமானத்துக்கு மறுநாள் விடிகாலையிலேயே இன்னொன்றைப் போட்டுவிட்டேன். "ஓய்வு நேரம் எங்கம்மா? தூங்காம ஓட்டச் சொல்றியா? சங்கத்துல புகார் பண்ணிடுவேன் பார்த்துக்கோ" என்றார். புகார் கொடுப்பவர் அவர், வாங்கிப் பதிவு செய்பவள் நான், விசாரிப்பவரும் அவரே. விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்தபோதுதான், அவ்வளவு பெரிய கூடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருப்பது உறைத்தது.

பாப்பா ரோஸ்டரை ஃபிரிட்ஜில் ஒட்டி, அப்பா பறக்கும் நாளுக்கெல்லாம் நீலக் கலர் அடிக்கிறாள் என்று நீங்கள் ஒரு பதில் போட்டிருந்தீர்கள். அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். அதிலிருந்து பறக்கும் நாட்களைக் கூட்டிப் போடச் சொன்னார். சமீபமாக உங்களுக்கு அவரோடு பேச நேரமே வாய்க்காமல் போனது அதனால்தான். குழந்தை சந்தோஷப்படட்டும் என்று நானும் போட்டேன். உங்களைத் தள்ளி வைக்கிறேன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

தினமும் ஒன்பது மணிக்கு வந்துவிடுகிறார். சட்டையில் கசங்கல் இருக்காது. பெல்ட்டில் புதிதாக இரண்டு துளை போட்டிருக்கிறார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறார். தூக்கமே வருவதில்லை என்று ஒரு நாள் அவர் வாயாலேயே சொன்னார். டாக்டரைப் பார்க்கலாமே சார் என்றேன். "மனசு சரியில்லைன்னு டாக்டர்கிட்ட சொன்னா மெடிக்கல் சர்டிபிகேட் போச்சு. மெடிக்கல் போனா லைசென்ஸ் போச்சு. பைலட்டுக்கு மனசே கிடையாதும்மா, உனக்குத் தெரியாதா?" என்றார். விளையாட்டாகச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

நேற்று, வெள்ளிக்கிழமை, வழக்கம்போல ஒரு துண்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து வைத்தார். திங்கள் ஓய்வு. செவ்வாய் காலை ஆறு பத்துக்கு ஒரு விமானம், கடல் தாண்டி. அவ்வளவுதான். புதன் இல்லை, வியாழன் இல்லை. எந்த ரோஸ்டரும் பைலட்டைத் திரும்ப வீட்டில் கொண்டுவந்து விட்டால்தான் முடியும் என்பது இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட முதல் விஷயம். திரும்பும் வரி விட்டுப்போயிருக்கிறதே சார் என்று கேட்டேன். "விட்டுப்போகலம்மா. இதோட நிறுத்திக்கலாம்" என்றார். பிறகு தன் லாக் புத்தகங்கள் மூன்றையும் என் மேஜையில் அடுக்கினார். பாப்பா பெரியவளானால் கேட்பாள், அதுவரை பத்திரமாக வைத்திரு என்றார். அவர் பறந்த ஒவ்வொரு மணி நேரமும் அதில்தான் இருக்கிறது. அது இல்லாமல் இனி எந்தக் கம்பெனியிலும் அவரால் வேலை கேட்கக்கூட முடியாது. அவர் போன பிறகு பார்த்தேன், மேஜை இழுப்பறைகளையெல்லாம் காலி செய்திருந்தார்.

நான் அதை டைப் செய்தேன் அக்கா. பழக்கதோஷம், டைப் செய்துவிட்டேன். அனுப்பத்தான் கை வரவில்லை.

பழைய துணைச் செயலாளருக்குப் போன் போட்டேன். அறுபது பேரில் அவரும் ஒருவர். "அவன் கல்லுளிமங்கன், அவனுக்கு ஒண்ணும் ஆகாது. நீ எதையாவது நினைச்சுப் பயந்து சாகாதே" என்றார். சங்கத்து எண்ணிலிருந்து இனிமேல் கூப்பிட வேண்டாம், கம்பெனிக்குத் தெரிந்தால் வம்பு என்றும் சொன்னார். இன்று காலை அம்மாவைக் கேப்டன் வீட்டுக்கு அனுப்பினேன். வீடு பெருக்கித் தருகிறேன் என்று அம்மா போய் நின்றிருக்கிறார். கேப்டன் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, பெருக்க ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டாராம். உண்மையிலேயே ஒன்றுமில்லை, வீடு மொத்தமும் துடைத்து வைத்திருக்கிறது என்றார் அம்மா. "குத்தகை விமானத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான்டி அப்படித் துடைக்கச் சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றாமலே மறுபடி கிளம்பினார். உள்ளே விடாவிட்டால் வாசலில் உட்கார்ந்திருப்பாராம். இதை அனுப்பிவிட்டு நானும் போகிறேன். ஆனால் நாங்கள் யார் அக்கா அவருக்கு? நாங்கள் சொல்லி அவர் எதைக் கேட்பார்?

என் மேல் உங்களுக்குக் கோபம் வரும். வர வேண்டும். எப்போது வேண்டுமானாலும் கொட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். இப்போது அவரைக் கூப்பிடுங்கள். அவருடைய ஓய்வு நேரம் பார்த்துத்தான் நீங்கள் பேசுவீர்கள் என்று தெரியும். இந்த ஒரு தடவை எதையும் பார்க்க வேண்டாம். எடுக்கும்வரை கூப்பிடுங்கள். எல்லாம் தெரிந்துவிட்டது என்று சொல்லுங்கள். பாப்பாவைப் பேசச் சொல்லுங்கள். எந்த வழியிலாவது கிளம்பி வந்துவிடுங்கள்.

அவர் எங்கேயும் பறக்கவில்லை அக்கா. இந்த நிமிஷம்வரை தரையில்தான் இருக்கிறார்.

உங்களையே நம்பியிருக்கும்,
சங்க அலுவலகத்துப் பெண்