உயிரோடிருப்பவர் பெயர் வைக்கலாகாது

மார்ச் 4, 2025

காலையிலிருந்து மூட்டம். காட்டெருமை ஒன்று கேரட் பாத்தியை மிதித்துக்கொண்டு நின்றது. அத்துமீறி நுழைதல் பற்றி முப்பது வருஷம் பாடம் நடத்தியவள், சன்னலுக்குப் பின்னால் பத்திரமாக நின்று "சூ, சூ" என்றேன். அது என்னைப் பார்த்த பார்வையில் மரியாதையே இல்லை.

மத்தியானம் சுகன்யா போன். என்னிடம் படித்தவள், இப்போது நான் வேலை பார்த்த அதே சட்டக் கல்லூரிக்கு முதல்வர். புது நூலகத்தை ஜூனில் திறக்கிறார்களாம். என் பெயர் வைக்கப் போகிறார்களாம்.

"அமலி நூலகம். காலேஜோட முதல் பெண் பேராசிரியர், முதல் பெண் நூலகர். ஒரு முன்னோடி. உங்க பேர வைக்காம யாரு பேர மேடம் வைக்கிறது?"

"அதெல்லாம் எதுக்கும்மா" என்றேன். போனை வைத்ததும், பெயருக்கு முன்னால் 'முனைவர்' போடுவார்களா என்று யோசித்தேன்.

மார்ச் 5

போடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 11

மறுபடி சுகன்யா. குரல் இறங்கியிருந்தது. கமிட்டியில் சிக்கலாம். கல்லூரிக் கட்டடம் எதற்கும் உயிரோடு இருக்கும் யார் பெயரையும் வைக்கக் கூடாது என்று விதியில் இருக்கிறதாம்.

"எந்தக் கூறுகெட்டது அத எழுதிச்சு?"

"மேடம்... நீங்கதான்."

நான்தான்! அந்தக் காலத்துத் தாளாளர் தன் பெயரையே நூலகத்துக்குச் சூட்டிக்கொள்ளக் கிளம்பியபோது, அவரைத் தடுக்க எழுதினேன். ஓட்டை உடைசல் இல்லாத விதி என்று எல்லாரும் மெச்சினார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளுமாம். யானைக்காவது குளுமை.

பக்கத்து வீட்டில் ஹோம்ஸ்டே நடத்தும் என் தம்பி ரெக்ஸிடம் சொன்னேன்.

"சிம்பிள்க்கா. ஜூனுக்குள்ள நீ வெரசா போய்ச் சேந்துட்டீன்னா, ரூல்ஸ்படி எல்லாம் ஓகே" என்றான். அவன் கொடுத்த காபியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.

மார்ச் 19

சுகன்யா விழா மலருக்கு என் வாழ்க்கைக் குறிப்பு கேட்டிருக்கிறாள். எழுதிப் பார்த்தேன். "புத்தகங்கள் மீது கொண்ட தீராக் காதலால் நூலகப் பொறுப்பையும் விரும்பி ஏற்றார்."

பச்சைப் பொய். வகுப்புகள் நடந்த கட்டடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. பெண் ஒருத்தி பாடம் நடத்த வருவாள் என்று கட்டியவர்கள் கனவு கண்டார்களா? காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் ஒப்பந்தச் சட்டம் நடத்தினேன். நூலகத்துக்குப் பின்னால் மட்டும் ஒன்று இருந்தது, தாழ்ப்பாளோடு. சாவி நூலகரிடம். நூலகர் வேலை காலியானதும், "நானே சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன்" என்று பாய்ந்தேன். நூலக அறிவியல் படித்தது, பட்டம் வாங்கியது எல்லாம் அதற்கப்புறம்தான்.

மாணவிகள் சேர ஆரம்பித்ததும் சாவியை என் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவைத்தேன். கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். வந்தவர்கள் கொஞ்சம் உட்கார்ந்து படித்துவிட்டும் போனார்கள். 'நூலகத்தில் இத்தனை பெண்களா!' என்று ஆய்வுக்கு வந்தவர்கள் என்னைப் பாராட்டினார்கள். முன்னோடிதான். எதில் என்று யாரும் கேட்காதவரை.

ஏப்ரல் 2

கமிட்டி விதியைத் திருத்தத் தயார். வாசகத்தை மட்டும் நான் எழுதித் தரவேண்டுமாம். எழுதினேன்: "...இருபத்தைந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் பேராசிரியராகவும் நூலகராகவும் ஒருசேரப் பணியாற்றிய பெண்மணி நீங்கலாக."

படித்துப் பார்த்தால், என் ஜாக்கெட் அளவு ஒன்றுதான் விட்டுப்போயிருக்கிறது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 14

விடுமுறைக் கூட்டம். ஏரிப் பக்கமிருந்து வீடு வரை ஹாரன்.

இப்போதைய தாளாளர் முருகானந்தம், அன்றையவரின் மகன், என் திருத்தத்தை ரொம்ப ரசித்தாராம். கூடவே ஒன்று சேர்க்கச் சொல்கிறாராம்: "நிறுவனர் குடும்பத்தாரும் நீங்கலாக." பெண்கள் விடுதிக்கு அவர் பெயர், ஆடிட்டோரியத்துக்கு அவர் மனைவி பெயர் வேண்டுமாம். அப்புறம் மருமகன் இருக்கிறார்.

"மேடத்துக்கு ஒரு வழி உண்டுன்னா எங்களுக்கு இல்லயாங்குறாரு" என்றாள் சுகன்யா.

"நீ என்ன சொல்ற?"

"முடிவு உங்களோடது மேடம். எனக்கு உங்க பேரு அங்க இருக்கணும்."

எனக்கும் இருக்கணும். அய்யோ, எனக்குந்தான் இருக்கணும்! எழுபத்துநாலு வயசுல ஒரு பலகை மேல இம்புட்டு ஆசையா? — புள்ள குட்டி இல்ல. கல்லறைய விட்டா இந்தப் பேர வேற எங்க எழுதப்போறாங்க?

ஏப்ரல் 15

திருத்தத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு வரி அனுப்பினேன். மாணவி யாராவது இப்படி ஒரு வாசகம் எழுதியிருந்தால் பாஸ் மார்க் போட்டிருக்க மாட்டேன்.

ரெக்ஸ் கிண்டல் செய்யவில்லை. மீன் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அதுதான் கஷ்டமாக இருந்தது.

மே 9

காட்டெருமை குடும்பத்தோடு வந்தது. கேரட் போச்சு.

ஜூன் 16

திறப்பு விழா. ரெக்ஸ்தான் கார் ஓட்டினான். மலை இறங்கி வத்தலக்குண்டு போவதற்குள் இரண்டு தடவை வாந்தி.

பலகையில் "நூலகம்". அவ்வளவுதான். நல்ல பெரிய எழுத்து. இன்னொரு சொல்லுக்குத் தாராளமாக இடம் இருந்தது.

முருகானந்தம் பேச்சை முடிக்கிற வழியாக இல்லை. எனக்கோ அவசரம். மெல்ல வெளியே வந்து, வராந்தாவில் நின்ற மாணவியிடம் லேடீஸ் டாய்லெட் எங்கே என்று கேட்டேன்.

"அமலி மேடமா? படிக்கட்டத் தாண்டி லெஃப்ட்ல ஆன்ட்டி."

"யாரு?"

அவளுக்குச் சிரிப்பு. "ஸாரி ஆன்ட்டி. கேர்ள்ஸ் எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவோம். கிளாஸ்ல இருந்து கெளம்புறப்ப 'அமலி மேடத்தப் பாத்துட்டு வர்றேன்'ம்போம். சீனியர்ஸ் காலத்துல இருந்தே அப்பிடித்தான்."

"யாருடி அந்த மேடம்?"

"தெரியல ஆன்ட்டி. ரொம்ப முன்னாடி இருந்தவங்களாம். எறந்துட்டாங்கன்னு நெனைக்கிறேன்."

அப்படியானால் விதிமீறல் எதுவும் இல்லை. நான் திருத்தவில்லை. அவள் காட்டிய பக்கம் போனேன். தாழ்ப்பாள் ஒழுங்காக விழுந்தது. தண்ணீரும் வந்தது.