ரேகை வளர இருபத்தாறு நாள்

காடாம்புலியூர்
ஜூன் 8, ஞாயிறு

என் மூத்த மகள் அனுப்பிரியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் தங்கச்சியும் ஆடும் அதன் இரண்டு குட்டிகளும் நல்லபடியாக இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, பஞ்சுத் தூசியில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது நினைத்துக்கொள்கிறேன். இதை எழுதுவது இலக்கியா. நான் பேசுகிறது ஒன்று, இவள் தாளில் இறக்குகிறது ஒன்று. படித்துக் காட்டச் சொன்னால் பள்ளிக்கூடத்துப் பேச்சு மாதிரி இருக்கிறது, ஆனாலும் நான் சொல்ல வந்தது அதற்குள் இருக்கிறது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ பேசுகிற பத்து நிமிஷமும் வார்டன் பக்கத்தில் நிற்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது, எதைக் கேட்டாலும் நல்லா இருக்கேம்மா என்று ஒரே பதில்தான் வருகிறது. அதனால்தான் லீவு முடிந்து நாளைக்கு உங்கள் மில்லுக்குத் திரும்புகிற ஜான்சி கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். தன் துணிகளுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இலக்கியா பத்தாவதில் நானூற்று எழுபத்தொன்று எடுத்தது உனக்குத் தெரியும். தெரியாத சங்கதி ஒன்று இருக்கிறது. சிதம்பரத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டால் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது வரை படிக்கலாம், உதவித்தொகையும் வரும், அதற்கு ஆதாரில் கைரேகையைப் புதுப்பிக்க வேண்டும் என்று சந்திரலேகா டீச்சர் பரீட்சை நேரத்திலேயே சொல்லியிருந்தார்கள். பரீட்சை முடிந்த கையோடு கடலூருக்குக் கூட்டிப்போனேன். போவதற்கு முதல் நாள் நான் ஒரு காரியம் செய்தேன். ஆபீசுக்குப் போகிற பிள்ளை கையெல்லாம் முந்திரிக்கொட்டைப் பால் பட்ட கறுப்போடு போனால் நம்மை என்ன நினைப்பார்கள் என்று, புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்தேன். அதற்கும் போகவில்லை. செங்கல் பொடி போட்டுப் பத்து விரலையும் தேய்த்துக் கழுவினேன். இவள் எரியுதும்மா என்றாள், கொஞ்சம் பொறுத்துக்கோ என்றேன். கறை போய் விரலெல்லாம் சிவந்து பளபளவென்று ஆனது, எனக்கு ஒரே பெருமை. மறுநாள் அந்த மிஷினில் வைத்தால் ஒரு விரல்கூடப் பதியவில்லை. துடைத்து வைத்தாள், அழுத்தி வைத்தாள், எண்ணெய் தொட்டு வைத்தாள். அங்கே வேலை செய்கிற பெண் இவள் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பொண்ணு என்னம்மா வேலை செய்யுது என்று கேட்டது. படிக்குது என்றேன். “படிக்கிற கை இப்படி இருக்காதும்மா” என்றது அந்தப் பெண். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னது. கொட்டைப் பால் பட்டுப் பட்டுத் தோல் உரிந்து ரேகை தேய்ந்துபோயிருக்கிறது, மிச்சம் இருந்ததை நான் தேய்த்து எடுத்துவிட்டேன். மே மாதம் இன்னொரு தடவை போனோம், அப்போதும் பதியவில்லை. ஒரு மாதம் கொட்டையைத் தொடாமல் இருந்தால் தோல் வளர்ந்து ரேகை வந்துவிடும், அப்புறம் கூட்டிவாங்க என்று அதே பெண் சொல்லி அனுப்பியது.

எட்டு வயதில் இவளைக் கொட்டை உடைக்க உட்கார வைத்தவள் நான்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாம்பலில் கையைப் புரட்டிக்கொண்டு என் எதிரில் உட்காருவாள், மடியில் புத்தகம் இருக்கும். சின்னக் கை, பருப்பு உடையாமல் முழுசாக வருகிறது என்று எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அந்தக் கையை இந்த இருபத்தாறு நாளும் தண்ணீர்க் குடத்தைத் தவிர எதையும் தொடவிடவில்லை. காலையில் எழுந்ததும் வெளிச்சத்தில் விரலைத் தூக்கிப் பார்ப்பாள், அப்பாவிடமும் காட்டுவாள். அப்பா கட்டிலில் படுத்தபடியே கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, கட்டை விரலில் இரண்டு கோடு வந்திருக்கிறது என்பார். வயலில் நாற்று முளைக்கிறதைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தோம். போன வியாழக்கிழமை மறுபடி கடலூர் போனோம். எட்டு விரல் பதிந்தது, போதும் என்றார்கள். அங்கிருந்தே சிதம்பரம் பஸ் ஏறினோம். சிப்காட் தாண்டும்போது வந்த நெடியில் நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன், இவள் ஜன்னல் பக்கம் தலையை நீட்டி, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு கம்பெனி வண்டிக்கு நின்ற பெண்களைப் பார்த்து, இவங்கள்லாம் எதுவரைக்கும் படிச்சிருப்பாங்கம்மா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சிதம்பரத்தில் பெரிய டீச்சர் மார்க்கைப் பார்த்துவிட்டு இடம் இருக்கிறது, பதினாறாம் தேதி பெட்டியோடு வந்துவிட வேண்டும் என்றார்கள்.

இதற்குள் இவளையும் உங்கள் மில்லுக்கு அனுப்பச் சொல்லி ராஜாமணி மாமா வந்து நிற்கிறான். உன்னை அழைத்துப்போனவனும் அவன்தான், என் பெரியம்மா மகன், முகத்தை முறித்துப் பேச முடியவில்லை. “இவ அக்கா இருக்கிற எடந்தானே யக்கா, ரெண்டு பேரும் ஒரே ரூம்ல கெடந்துட்டுப் போறாளுவோ. செதம்பரத்துல போயி படிச்சிட்டு வந்து கலெக்டராவா ஆவப்போறா?” என்றான். “கலெக்டரானா ஒங்க மனுவத்தான் மொதல்ல வாங்குவேன் மாமா” என்று இவள் உள்ளேயிருந்து சொன்னாள். அவனும் சிரித்துவிட்டான், ஆனாலும் சனிக்கிழமை பதில் சொல்லிவிடு என்று சொல்லிவிட்டுத்தான் போனான். எனக்கும் ஒரு நினைப்பு வராமல் இல்லை. இவள் கை உட்கார்ந்த இந்த மாதத்தில் அடுப்பு எரிந்தது உன்னால்தான். இவளும் சிதம்பரம் போய்விட்டால் நான் ஒருத்தி உடைக்கிறதில் அப்பா மாத்திரையும் வாங்கி அரிசியும் வாங்க முடியுமா என்று கணக்கு உதைக்கிறது. அதனால் உன்னைக் கேட்கிறேன். ஐந்து வருஷமாக அங்கே இருக்கிறவள் நீ. தங்கச்சியை அங்கே அனுப்பலாமா, கூடாதா? ஒரு வார்த்தை எழுதினால் போதும், நீ சொல்கிறபடி செய்கிறேன். இந்தக் கேள்வியை இவள் கையாலேயே எழுதச் சொன்னேன், எழுதிவிட்டுப் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருக்கிறாள்.

அக்கா, இனிமேல் எழுதுவது நான், இலக்கியா. அம்மா ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருக்கிறாள். அம்மா சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இந்த இருபத்தாறு நாளும் என் பங்குக் கொட்டையையும் அம்மாவே உடைத்தாள். நகக்கண்ணெல்லாம் வெடித்துப்போய், சோற்றைக் கையால் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுகிறாள், கேட்டால் இதுதான் இப்ப நாகரிகம் என்கிறாள். நீ போன வாரம் போனில், மறுபடியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுடுறேம்மா என்று சொன்னது எனக்கும் கேட்டது. அதிலிருந்து ஒன்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அங்கே வேண்டாம் என்று நீ எழுதினால் நான் சிதம்பரம் போவேன், நான் படிப்பதற்காக நீ அங்கேயே இருப்பாய். எங்கள் சமூக அறிவியல் புத்தகத்தில் வறுமையின் காரணங்கள் ஒரு பக்கம், விளைவுகள் ஒரு பக்கம் என்று அட்டவணை இருக்கிறது, பரீட்சைக்கு அப்படியே மனப்பாடம் செய்தேன். நம் வீட்டை அதில் எழுதிப் பார்த்தேன். அப்பா பலா மரத்திலிருந்து விழுந்தது காரணம், நீ படிப்பை நிறுத்தியது விளைவு. நீ படிப்பை நிறுத்தியது காரணம், நல்ல வேலை கிடைக்காமல் மில்லிலேயே இருப்பது விளைவு. கொட்டை உடைத்தது விளைவு, ரேகை போனதற்கு அதுவே காரணம், ரேகை இல்லாவிட்டால் உதவித்தொகை இல்லை. விளைவு என்று எழுதியதையெல்லாம் அடுத்த வரியில் காரணம் என்று எழுத வேண்டியிருக்கிறது. உன் பெயருக்கு எதிரே காரணம் என்கிற இடத்தில் என் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. எனக்காகப் பொய் சொல்லாதே அக்கா. உனக்கு அங்கே நன்றாக இல்லை என்றால், தங்கச்சி வேண்டாம் என்று மட்டும் எழுதாமல், நானும் வருகிறேன் என்று எழுது.

அம்மாதான் மறுபடியும் சொல்கிறேன். தழையைப் போட்டுவிட்டு வந்தேன், இவள் தாளைக் கையால் மறைத்தாள். படி என்றேன். படித்தாள். அடித்துவிடட்டுமா அம்மா என்று கேட்டாள், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அப்பா கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். “மொதப் பொண்ண அனுப்பறப்ப யாரும் லெட்டர் போட்டுக் கேக்கல” என்றார். அப்படிச் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு நீ அழாமல் வேனில் ஏறினாய், அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டவள் நான். பதினைந்து வயதுப் பிள்ளை அழாமல் இருக்கிறதே என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆகையால் மேலே நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுத வேண்டாம். இவ்வளவு தூரத்தில் இருக்கிற உன் தலையில் அதைத் தூக்கி வைத்தது தப்பு. சனிக்கிழமை ராஜாமணி வந்தால் இல்லை என்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். பதினாறாம் தேதி இலக்கியாவைச் சிதம்பரத்தில் விட்டுவிடுகிறேன். உன் ஒப்பந்தம் ஆனிக் கடைசியோடு முடிகிறது. நீ வந்த பிறகு சாப்பாட்டுக்கு என்ன வழி என்று எனக்கு இப்போது தெரியவில்லை, தெரியாமல்தான் எழுதுகிறேன். நம் ஊர் முந்திரிக் கம்பெனியில் பருப்பை ரகம் பிரிக்கிற வேலைக்கு வயது வந்த பெண்களைக் கேட்கிறார்கள், அதில் கையில் பால் படாது. விசாரித்து வைக்கிறேன், நீ வந்து பார்த்துப் பிடித்தால் போ. நின்றுபோன பத்தாவதைத் தனியாக எழுதலாம் என்று டீச்சர் சொன்னதாக இவள் நச்சரிக்கிறாள், அதுவும் உன் இஷ்டம்தான்.

மிஷின் பக்கம் போகும்போது தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொள். இருமல் இருந்தால் மறைக்காதே, வெந்நீர் கேட்டு வாங்கிக் குடி. ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருப்பாய் மகளே, அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். அங்கே எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதே, அம்மா வந்துதான் பேசும் என்று சொல். ஆடி பிறப்பதற்குள் நானே வந்து உன்னை அழைத்து வருகிறேன். பெட்டியை மட்டும் கட்டி வைத்திரு.

இப்படிக்கு,
உன் அம்மா கொளஞ்சியம்மாள்
(சொன்னபடி எழுதியது இலக்கியா)