ஊதச் சொல்ல ஓர் ஆள்

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் அங்கே நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா நலம். உன் சித்தப்பா மிக மிக நலம், அவன் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. என் நலம் போகப்போக உனக்கே தெரியும். இதைப் போனில் சொன்னால் என்ன என்று அம்மா கேட்டாள். கடிதமாக எழுத ஒரு காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

போன மாதம் நம் கண்ணாடிக் கடையிலிருந்து நானும் அவனும் ஒரு மூன்றாவது மாடி வீட்டுக்கு ஜன்னல் கண்ணாடி மாட்டப் போனோம். லிஃப்டில் நுழையாத அளவு, படியில்தான் தூக்கினோம். எப்போதும் போல முன்பக்கம் நான், பின்பக்கம் சித்தப்பா. இரண்டாவது மாடித் திருப்பத்தில் யாரோ நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியது போல ஆகிவிட்டது, கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தேன். அவன் எனக்குத் தண்ணீர் கொடுத்து, என்னை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, காவலாளியை ஒரு கை பிடிக்க வைத்து முன்பக்கத்தைத் தானே தூக்கிக்கொண்டு போய்விட்டான். மேலே போய் வீட்டுக்காரரோடு சிரித்துப் பேசுவது எனக்குக் கீழே கேட்டது. வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. அத்தனை படி ஏறியும் மூச்சு வாங்காமல் ஒருவன் சிரிப்பானா?

அம்மா விடவில்லை, அவனுக்கும் சேர்த்தே பார்த்துவிடலாம் என்று எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா நெஞ்செரிச்சல் உண்டா என்று கேட்டார். வயிற்றெரிச்சல்தான் டாக்டர், இதோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் எனக்குக் குறுக ஆரம்பித்திருக்கிறதாம், பயப்படும் அளவுக்கு இல்லை, ஆனால் அப்படியே விட்டால் ஆபத்தாம். ரத்தப் பரிசோதனையில் அவனுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. எனக்கு வைட்டமின் சி குறைவு, ஃபோலிக் ஆசிட் குறைவு. அதெப்படி டாக்டர், ஒரே அடுப்பு, ஒரே சட்டி, கீரையும் பழமும் அவனைவிட நான்தானே அதிகம் சாப்பிடுகிறேன் என்று சண்டைக்கே போய்விட்டேன். நீங்க சாப்பிடற சத்து நீங்க இழுக்கிற புகையோட சண்டை போட்டே செலவாயிடுது, இதயத்துக்கு எங்க மிச்சம் இருக்கும் என்று அவர் கேட்டார். ஃபோலிக் ஆசிட் குறைந்தால் ரத்தத்தில் இன்னொன்று ஏறுமாம், ஹோமோசிஸ்டீனோ என்னவோ, அது குழாயின் உள்சுவரைக் கெடுக்குமாம், புகை கெடுப்பது தனிக் கணக்காம். அந்தப் பெயர் என் வாயில் நுழையவில்லை. உன் சித்தப்பா மட்டும் வீடு வரும்வரை அதைப் பிசகாமல் சொல்லிக்கொண்டே வந்தான்.

மாத்திரை கொடுத்தார், சிகரெட்டை விடாவிட்டால் அது ஓட்டைக் குடத்தில் ஊற்றும் தண்ணீர்தான் என்றும் சொன்னார். நான் விட்டேனா? சாத்துக்குடியைப் பிழிந்து குடித்தேன், கீரையை இரட்டிப்பாக்கினேன், சாப்பிட்டதும் கடைக்குப் பின்னால் போய் ஒன்று பற்றவைத்தேன். கீரையை நான் அடுப்புல ஒரு தடவை வேக வைக்கிறேன், நீங்க வயித்துக்குள்ள விட்டு இன்னொரு தடவை வேக வைக்கிறீங்க என்கிறாள் அம்மா. அவள் சொல்வது சுவர்க் கடிகாரம் அடிப்பது மாதிரி, காது பழகிவிட்டது.

சித்தப்பாவும் நானும் ஒரே தீக்குச்சியில் பற்றவைத்தவர்கள்தான், போன வருடம்தான் அவன் விட்டான். என்ன மனவுறுதி என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். மனவுறுதியாவது மண்ணாங்கட்டியாவது! அவனுக்கு வீட்டில் போலீஸ் இருக்கிறது. அவன் மகளுக்கு நீ வைத்த பட்டப்பெயர்தான் அது, எவ்வளவு பொருத்தம் பார். சாயங்காலம் அவன் நம் வீட்டு மாடியில் இருக்கும் தன் பகுதிக்குப் படி ஏறினால் அவள் வாசலில் குறுக்கே கை வைத்து நிற்பாள். ஊது என்பாள். ஒரே வார்த்தை. அவன் குனிந்து ஊதுவான், அவள் முகர்ந்து பார்த்து, ம், போ என்பாள். ஊதிக்கொண்டிருந்தவனை ஊதச் சொல்லியே நிறுத்திவிட்டாள்.

போன வாரம் நானும் அவன் பின்னாலேயே போய் நின்றேன். அவன் ஊதிவிட்டு உள்ளே போனான். அடுத்தது நான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வாயைக்கூடக் கொஞ்சம் திறந்து தயாராக வைத்திருந்தேன். அவள் மூக்கைச் சுளித்ததைப் பார்த்தேன். ஆனால், வாங்க பெரியப்பா, டீ குடிக்கிறீங்களா என்று கேட்டுவிட்டு மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, தூசி என்று சமாளித்தேன். அவன் ரத்தத்தைப் பார்த்து வந்த பொறாமை மாத்திரையில் அடங்கினாலும் அடங்கும். அந்த வாசலைப் பார்த்து வருவது அடங்க மாட்டேன் என்கிறது. நீயும் போனில், உடம்பைப் பாத்துக்கோங்கப்பா என்பாய், நானும் பார்த்துக்கிறேம்மா என்பேன், அதோடு சரி.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். போனில் ஊதினால் உனக்கு ஒன்றும் தெரியாது. இந்தத் தாளைக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன், இடது கையில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. உறையைப் பிரித்ததுமே உனக்கு வாடை அடித்திருக்கும், அப்பா ஆயிற்றே என்று பேசாமல் படித்திருப்பாய். மூக்கருகே வைத்து நன்றாக முகர்ந்து பார். பார்த்துவிட்டுத் திட்டி எழுது. நீங்க, வாங்க எல்லாம் வேண்டாம், போலீஸ் மாதிரி எழுது. எழுத விஷயம் இல்லாவிட்டாலும் மாதம் ஒரு வெறும் தாளாவது அனுப்பிவைக்கிறேன்.

காலையில் சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இருவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக வாழ அம்மாவும் நானும் மனமார வாழ்த்துகிறோம். முகர்ந்து பார்க்க மறந்துவிடாதே.

வாசலில் நிற்கும்,
உன் அப்பா