ராஜாவை வெளியே விட்டவருக்கு

அந்த மை வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை, நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று காட்டுவதற்காகப் பென்ஷன் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் என் முகத்தைப் பார்க்காமலே ஊதா மைப் பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். என் கட்டைவிரலுக்குப் பழகிய வாடை. நான் பெட்டியை மூடி அவள் பக்கமே தள்ளினேன். "பேனா குடும்மா" என்றேன்.

ச. மாடசாமி. ஐந்து எழுத்தும் ஒரு புள்ளியும். மெதுவாகத்தான் போட்டேன். பின்னால் நின்றவர்கள் செருமினார்கள். அவள் தாளை வாங்கி முத்திரை குத்தினாள், அவ்வளவுதான். எனக்கோ யாராவது கை தட்டமாட்டார்களா என்று இருந்தது.

நீர் கண்ணை மூடிய பிறகுதான் எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்தேன். எனக்கு வாசித்துச் சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான் காரணம். எட்டு மாதம் ஆகிறது. இப்போது எதையும் விடுவதில்லை. பிஸ்கட் பாக்கெட், கல்யாணச் சுவரொட்டி, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் வாசிக்கிறேன். பஸ் நிலையத்தில் சும்மா உட்கார்ந்து ஸ்ரீவைகுண்டம், புன்னைக்காயல் என்று பலகைகளை வாசிப்பேன். நான் முடிப்பதற்குள் சில பஸ்கள் புறப்பட்டுவிடும். அதற்கும் சிரிப்புதான் வரும். எழுபத்து மூன்று வயதில் இப்படி ஒரு சந்தோஷம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் செவ்வாய்க்கிழமை பக்கத்துக் கட்டடத்துக்குப் போனேன். நம் துறைமுக மன்றத்தின் பழைய ஓய்வுக்கூடம். சுவரில் இருப்பதையெல்லாம் வாசித்துவிட வேண்டும் என்று ஆசை. கொச்சியில் வாங்கிய செஸ் கோப்பையோடு நாலு பேர் இருக்கும் அந்தப் படத்தின் முன்னால் நின்றேன். இடமிருந்து இரண்டாவது நீர். ஆயுத பூஜைக்கு அந்தக் கண்ணாடியை நீர்தான் துடைப்பீர், வேறு யாரையும் தொடவிடமாட்டீர். கீழே உள்ள எழுத்தை விரல் வைத்துக் கூட்டி வாசித்தேன். நாலு பேர் பெயரும் முடிந்தது. அதற்கும் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. "படத்தில் இல்லாதவர்: ச. மாடசாமி."

என் பெயரை அச்சில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சொன்னால் நம்பமாட்டீர், எனக்கு முதலில் மகிழ்ச்சிதான் வந்தது. இரண்டாவது தடவை வாசித்தபோதுதான், இங்கே என் பெயருக்கு என்ன வேலை என்று தோன்றியது.

நீர் நாசரேத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கப்பலில் இறங்கும் மூட்டைக்குக் கணக்குப் போடும் டாலி கிளார்க். நான் அந்த மூட்டையைச் சுமந்தவன். மழை வந்து கப்பலின் அறையை மூடிவிட்டால் நமக்கு வேலை இல்லை. ஒட்டுப்பலகையில் கட்டம் போட்டு செஸ் ஆடுவோம். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் ஒரு தடவை பார்த்த ஆட்டம் மறக்காது. கொச்சியில் துறைமுகக்காரர்களுக்குப் போட்டி என்று நம் மன்றத்தில் ஆள் எடுத்தார்கள். மூன்று நாள் ஆட்டம் நடந்தது. எல்லோரையும் அடித்தேன், உம்மையும் அடித்தேன்.

பட்டியல் ஒட்டிய அன்று உம்மைக் கூட்டிக்கொண்டு போய்ப் பலகையின் முன்னால் நிறுத்தினேன்.

"எம்பேரு இருக்காவே?"

நீர் மேலிருந்து கீழே வாசித்தீர். "இல்லவே" என்றீர். "அங்க ஆடுத ஒவ்வொரு காயையும் தாள்ல எழுதணுமாம். கைநாட்டுக்காரங்கள எடுக்க மாட்டாங்களாம். விடும்."

விட்டுவிட்டேன். கோபம்கூட வரவில்லை. வெட்கம்தான் வந்தது. என்னை ஆட்டத்தில் ஜெயிக்க யாரும் இல்லை, ஆனால் ஒரு பேனா ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு மன்றத்தில் எழுத்தறிவு வகுப்பு நடத்தினார்கள். அந்த வாசல் பக்கமே நான் போகவில்லை. மறுபடியும் ஒருத்தர் கைநாட்டு என்று சொல்லிக் கேட்க என்னால் முடியாது.

நீர் கொச்சியிலிருந்து திரும்பிவந்து என்னோடு ஆடிய முதல் ஆட்டம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. உமக்கு வெள்ளை. ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினீர். நானும் தள்ளினேன். அடுத்து நீர் ராஜாவை எடுத்து, சிப்பாய் விட்டுப்போன கட்டத்தில் வைத்தீர். பார்த்துக்கொண்டிருந்த சூசைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவன் கிரேன் ஓட்டுகிறவன், கொச்சிக்குப் போன நாலு பேரில் ஒருவன்.

"ஏலே, ராஜா மீன் வாங்கப் போறாருலே! பைய எடுத்துக் குடுங்கலே!"

"ராஜாவுக்குப் புழுக்கமா இருக்குவே. கொஞ்சம் காத்து வாங்கட்டும்" என்றீர்.

எனக்குச் சுருக்கென்றது. "என்னவே, கேலி பண்ணுதீரா? நான் கைநாட்டுன்னா ஆட்டமும் தெரியாதா?"

"நீரு ஆடும்" என்றீர். நீர் சிரிக்கவில்லை.

அந்த ஒரு நகர்த்தலில் ராணிக்கும் மந்திரிக்கும் வழி அடைபட்டுப்போகும். அப்புறம் கோட்டை கட்டவும் முடியாது. ஆடத் தெரிந்த யாரும் செய்யாத காரியம். உம்மை அடித்து நொறுக்கினேன். மறுநாளும் ராஜா வெளியே வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். வெள்ளையோ கறுப்போ, நீர் ரிட்டயர் ஆகும்வரை, அதற்குப் பிறகு உம் வீட்டு வராந்தாவிலும், உம் ராஜா இரண்டாவது நகர்த்தலில் வெளியே வந்துவிடுவார். எங்கே போனாலும் அது நம் இரண்டு பேரின் வேடிக்கை ஆகிவிட்டது. என் கோபமும் நாளாவட்டத்தில் தீர்ந்தது. இந்த ஆள் என்னைக் கிண்டல் செய்துகொண்டே தோற்கிறான் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். "இன்னைக்கும் கிளார்க்க மடக்கிட்டேன்" என்று வீட்டில் சொல்லாத நாள் குறைவு. ஒரே ஒரு தடவை நான் குதிரையைக் கவனிக்காமல் விட்டு, உமக்கு வெற்றி வந்துவிட்டது. அன்றைக்கு நீர் டீ குடிக்காமல் எழுந்து போனீர்.

பென்ஷன் வேலையாகச் சூசையும் அன்று வந்திருந்தான். படத்தடியில் அவனை நிறுத்திக் கேட்டேன்.

"ஏலே சூசை, இதுல எம்பேரு ஏன் இருக்கு?"

"நீ டீம்ல இருந்தேல்லா. மொத பலகையில ஆட வேண்டியவன் நீதான். உங்கம்மாவுக்கு முடியலன்னு வரல."

"எங்கம்மாவுக்கு என்ன? அவ அன்னைக்கு உப்பளத்துல பெட்டி சுமந்துக்கிட்டு இருந்தா."

"கிளார்க்குதான வந்து சொன்னாரு?" சூசை படத்தில் உம்மைத் தொட்டுக் காட்டினான். "உனக்கு எழுதத் தெரியாதுல்லா. நீ ஆடுததப் பக்கத்துல உக்காந்து எழுதுததுக்குன்னுதாம்ல அவரைச் சேத்தோம். நீ வரலன்னதும் ஆடுததுக்கே அவரைக் கூட்டிட்டுப் போனோம்."

கொச்சியிலிருந்து வந்தவுடன் அதே சூசை என்னிடம், "அம்மா எப்படியிருக்கா?" என்று கேட்டது அப்போது நினைவுக்கு வந்தது. "நல்லாருக்கா" என்று சொல்லியிருந்தேன். ஊரில் யாரும் யாரையும் கேட்கிற கேள்விதானே.

மூட்டை தூக்குகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் ஆடுவதை எழுத வேண்டும் என்று சொன்னபோது, படித்த உமக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். புரியாமல் இல்லை. ஆனால் கேட்டிருந்தால் அந்த இடத்தை நானே உமக்குக் கொடுத்திருப்பேன். நீர் கேட்கவில்லை. என் இடத்தை எடுத்துக்கொண்டு, என்னிடம் வெட்கத்தைக் கொடுத்தீர். அதற்குப் பிறகு நாள் தவறாமல் உம் ராஜாவை வெளியே கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினீர்.

பெரிய ஆட்டக்காரர்கள்கூட இப்போது விளையாட்டுக்காக இப்படி ஆடுகிறார்களாம். சூசை போனில் காட்டினான். ராஜாவை எடுத்து வைக்கும்போதே அவர்களுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. நீர் ஒரு நாளும் சிரித்ததில்லை. அது நீர் எனக்குக் கட்டிய அபராதமா வே? அப்படியானால் நான் ஜெயித்த ஆட்டம் ஒன்றும் என்னுடையது இல்லை. கொச்சி ஆட்டமும் என்னுடையது இல்லை. என் ஆயுசில் நான் பெருமைப்பட்டது ஒன்றே ஒன்று. அதையும் செவ்வாய்க்கிழமை அந்தக் கூடத்தில் விட்டுவிட்டு வந்தேன்.

உமக்கு முதலாம் ஆண்டு நினைவு வருகிறது. ஜெபத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க அட்டை அடிக்கிறார்கள். "இப்பதான் எழுதப் படிச்சிட்டீங்கள்ளா அண்ணாச்சி, நாலு வரி உங்க கைப்பட எழுதித் தாங்க" என்று உம் வீட்டுக்காரி சொல்லி அனுப்பியிருந்தாள். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். இதுதான் எழுதினேன்.

"பட்டியலில் என் பெயர் இருந்தது. இவர் இல்லை என்று வாசித்தார். அதன் பிறகு ராஜாவை வெளியே விட்டுவிட்டு எனக்குத் தோற்றுக்கொடுத்தார். எனக்குக் கொச்சி ஆட்டம் ஒன்றே போதுமாயிருந்தது."

ஒரு பிழை இல்லை. வகுப்பு டீச்சர் பார்த்தால் மெச்சியிருப்பாள். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேற்றுக் காலையில் உம் வீட்டுக்குப் போனேன். உம் வீட்டுக்காரி கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். புரை எடுத்திருக்கிறார்கள்.

"நீங்களே வாசிங்க அண்ணாச்சி" என்றாள். முகத்தை என் பக்கம் திருப்பிக் கையைக் கட்டிக்கொண்டாள், ஜெபத்துக்கு உட்காருவதுபோல.

தாளை விரித்தேன். வாசித்தேன்.

"என்னோடு ஆடும்போதெல்லாம் ராஜாவை முதலிலேயே வெளியே விட்டவர். கூட நின்றவர்களைச் சிரிக்க வைத்தவர். எனக்கு எழுத்து தெரியாத காலமெல்லாம் எனக்காக வாசித்தவர்."

அவள் சிரித்தாள். "அந்த ராஜா! உங்ககிட்ட மட்டுந்தான் அண்ணாச்சி அந்தக் கூத்தெல்லாம். மருமகன்கூட ஆடுனா ஒரு சிப்பாயக்கூட சும்மா விடமாட்டாரு." கட்டுக்குக் கீழே கண்ணீர் இறங்கியது. துடைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். "தாளக் குடுங்க, அச்சாபீசுக்கு அனுப்பணும்" என்று கையை நீட்டினாள்.

"எழுத்து கோணலா இருக்கும்மா. நல்லா எழுதிக் கொண்டாரேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து அவளுக்கு வாசித்ததையே வேறு தாளில் எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டேன். முதல் தாள் என்னிடம் இருக்கிறது. உம்மை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதேயும், அதற்கு எனக்கு மனசு வரவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பஸ் பலகையைக்கூட எழுத்துக் கூட்டித்தான் என்னால் வாசிக்க முடியும். நேற்று அவள் முன்னால், தாளில் இல்லாததை ஒரு இடத்திலும் நிற்காமல் வாசித்தேன்.