தட்டினால் கேட்காத வீடு

அனுப்புநர்:
தையற்காரி,
தரைத்தள வீடு.

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
மின் அலுவலகம்.

பொருள்: ‘ஆளில்லாத வீடு’ என ஒட்டிய அறிவிப்பை ரத்து செய்யவும், மீட்டர் அருகே அழைப்பு ஸ்விட்ச் பொருத்த அனுமதிக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்கண்ட வீட்டில் பதினேழு ஆண்டுகளாகத் தனியாக வசித்து, துணி தைத்துப் பிழைத்து வருகிறேன். ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் எனக்குக் காது கேட்காமல் போய்விட்டது. ஆகவே முன்வாசல் ஸ்விட்சை அழுத்தினால் மணி அடிக்காது; என் மெஷினுக்கு எதிரே ஒரு பல்பு எரியும். துணி கொடுக்க வருகிற எல்லாருக்கும் இது தெரியும்.

2. மீட்டர் இருப்பது பின்சுவரில். அங்கே ஸ்விட்ச் இல்லை. கணக்கெடுக்க வருபவர் சந்து வழியாக வந்து, பின்கதவைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார். நான் உள்ளே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்திருப்பேன்.

3. மீட்டர் அதிகம் ஓடவில்லை என்பதும் உண்மைதான். ஆறு மாதத்தில் பதினோரு யூனிட். தைப்பது கால்மெஷின், தேய்ப்பது கரிப்பெட்டி. மின்விசிறி போட்டால் வெட்டிய துணி பறக்கும். சிக்கனமாக இருந்தால் ஆளே இல்லை என்று ஆகிவிடும் என எனக்குத் தோன்றவே இல்லை.

4. கடந்த திங்களன்று, பதினைந்து நாளில் இணைப்பு துண்டிக்கப்படும் என்று கணக்கெடுப்பவர் பின்சுவரில் அறிவிப்பு ஒட்டிவிட்டார். உள்ளே ஆள் இருக்கிறது என்று மாடி வீட்டு அக்கா அவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன பதிலை அக்கா அப்படியே தாளில் எழுதிக் காட்டினார்: “மூணு தடவை வந்து தட்டிட்டேன், ஒரு சத்தமும் இல்ல. இருந்தா ஆபீஸுக்கு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க.” எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் எழுதிய இரண்டு மனுக்களைக் கிழித்துப் போட்டேன். யோசித்துப் பார்த்தால், அவர் தட்டவாவது தட்டினார். அவர்மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம்.

5. இருட்டில் இருக்க எனக்குப் பயமில்லை, ஐயா. ஆனால் இணைப்பு போனால் அந்தப் பல்பு எரியாது. யார் எவ்வளவு நேரம் ஸ்விட்சை அழுத்திக்கொண்டு நின்றாலும் எனக்குத் தெரியாது. அவர்களும் ஆளில்லை என்று திரும்பிப் போவார்கள். அறிவிப்பில் இன்று தவறாக எழுதியிருப்பது அன்று சரியாகிவிடும்.

எனவே அறிவிப்பை ரத்து செய்து, மீட்டர் பக்கத்தில் இன்னொரு ஸ்விட்ச் வைக்க அனுமதி தரப் பணிவுடன் வேண்டுகிறேன். செலவு என்னுடையது. விசாரிக்க ஆள் அனுப்பினால், தயவுசெய்து முன்வாசலுக்கு வரச் சொல்லுங்கள். பல்பைப் பார்த்தபடிதான் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
தையற்காரி

நாள்: அறிவிப்பு ஒட்டிய நான்காம் நாள்
இடம்: ஆளில்லாத மேற்படி வீடு