பேர் போடாத ஜெபக் குறிப்பு

மேட்டுக் காலனி
சதுரங்கப்பட்டினம் அஞ்சல்
18.6.2001

அன்புள்ள ரெபேக்காளுக்கு,

ஜெசிந்தா எழுதுகிறேன். இங்கே நானும் பிள்ளை கவியாவும் சுகம். உன் சுகத்தைக் கேட்க வேண்டியதில்லை. போன வாரம் பார்த்தேனே, மிஷன் ஹாஸ்டலில் இருந்ததுபோல் இரண்டு பங்கு ஆகிவிட்டாய். கோபித்துக்கொள்ளாதே, ஆறு வருஷம் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்தவளுக்கு இதைச் சொல்ல உரிமை உண்டு.

நீ கொண்டுவந்த மாத்திரையும் சத்துமாவும் இன்னும் இருக்கிறது. கவியா ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று சொன்னாய் பார், ஜெரோம் போன பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன். எனக்கு இருப்பது இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் ஊழியத்து வண்டியில் இனி வராதே. கதவில் புறா வரைந்த வண்டியை இந்தப் பக்கத்தில் எல்லாரும் அடையாளம் வைத்திருக்கிறார்கள். என்னோடு சத்துணவுக் கூடத்தில் உதவிக்கு இருக்கும் செங்கம்மாள் மறுநாளே கேட்டாள்: "அந்தப் புறா வண்டி நின்ன வூட்ல எல்லாம் ஒரு சாவு வுழுதாமே. உன் வூட்டாண்ட இன்னாத்துக்கு நின்னுது?" வழி கேட்க நின்றார்கள் என்று சொன்னேன். நம்பினாளோ இல்லையோ, அதற்குமேல் கேட்கவில்லை.

ஜெரோம் டி.பி.யில் போனார் என்றுதான் ஊரில் பேச்சு. அது அப்படியே இருக்க வேண்டும். நூற்றுப்பத்துப் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுகிறவள் நான். விஷயம் தெரிந்தால் என் கையால் ஒரு பிள்ளை வாங்கிச் சாப்பிடாது. இந்த வேலையும் போனால் நாங்கள் எங்கே போய் நிற்போம்?

எனக்காக ஜெபம் பண்ணு. நீ ஒருத்தி பண்ணினால் போதும்.

உன்
ஜெசி

செங்கல்பட்டு
27.6.2001

கர்த்தருக்குள் பிரியமான என் வாயாடி ஜெசிக்கு,

உன் கடிதம் பார்த்துச் சிரித்தேன், பிறகு அழுதேன். இனி பஸ்ஸில்தான் வருவேன். ஒயர்கூடையில் மேலே நைட்டி, அடியில் மாத்திரை. யாராவது கேட்டால் நைட்டி விற்கிறவள் என்று சொல். என் உடம்புக்கு அந்த வேலை பொருந்தும்.

ஜெபம் கேட்டாய். நான் ஒருத்தி எதற்குப் போதும்? எச்.ஐ.வி. உள்ள குடும்பங்களுக்காக எங்கள் ஊழியத்தில் மாதா மாதம் மஞ்சள் தாளில் ஜெபக் குறிப்பு அச்சிட்டுச் சபைகளுக்குக் கொடுக்கிறோம். அதில் உன்னையும் சேர்த்திருக்கிறேன். பயப்படாதே, பேரோ ஊரோ போடக் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. இப்படித்தான் எழுதினேன்: "கடலோரக் கிராமத்துப் பள்ளியில் சத்துணவு சமைத்துப் பிழைக்கும் ஒரு சகோதரி. எச்.ஐ.வி.யால் கணவரை இழந்தவர். தமக்கும் அதே நோய். எட்டு வயதில் ஒரே மகள். ஊரார் அறியாமல் தனியே கண்ணீர் விடும் இவருடைய சுகத்துக்காக மன்றாடுவோம்."

எழுதி முடிக்கும்போது எனக்கே தாளவில்லை ஜெசி. எத்தனை பேர் உனக்காக முழங்கால் போடப் போகிறார்கள் என்று நினைத்துப் பார்.

என்றும் உன்
ரெபேக்காள்

மேட்டுக் காலனி
5.7.2001

ரெபேக்கா,

பேர் மட்டும்தான் நீ போடவில்லை.

இந்தக் கடலோரத்தில் சத்துணவு ஆக்குகிற கிறிஸ்தவ விதவை எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தாயா? அதில் எட்டு வயதில் ஒரே பெண் வைத்திருப்பவள் எத்தனை பேர்? நீ ஒருத்தி போதும் என்று நான் எழுதியதற்கு வேறு என்ன அர்த்தம் எடுத்தாய்?

எத்தனை தாள் அடித்தீர்கள், எங்கெங்கே போயிருக்கிறது என்று உடனே எழுது. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறேன்.

ஜெசி

செங்கல்பட்டு
16.7.2001

அன்பு ஜெசி,

இத்தனை கோபமா? அடித்தது நாற்பதே தாள். செங்கல்பட்டுச் சபைகளுக்கும் சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு பெண்கள் ஐக்கியத்துக்கும் போயிருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் பக்கத்துக்கு ஒன்றுகூட அனுப்பவில்லை. அடுத்த மாதத் தாளில் அந்தக் குறிப்பு வராது, நான் பொறுப்பு.

சிங்கப்பெருமாள் கோயில் அம்மாமார் உன் குறிப்பை வாசித்து அப்படி அழுதார்களாம். தங்களுக்குத் தெரிந்தவர்களும் ஜெபிக்கட்டும் என்று அவர்களே மஞ்சள் தாள் வாங்கி இன்னும் நூறு ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார்கள். ஒரு அம்மா, அந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள் என்று என்னிடம் ஒரு கவுன் கொடுத்தார்கள். அடுத்த முறை கொண்டுவருகிறேன். மனிதர்கள் நீ நினைப்பதுபோல் இல்லை ஜெசி. ஜெபம் யாரையாவது கெடுத்திருக்கிறதா?

ரெபேக்காள்

மேட்டுக் காலனி
20.8.2001

ரெபேக்கா,

கவுன் கவியாவுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது. போட்டுக்கொண்டு தெருவெல்லாம் சுற்றினாள். யார் கொடுத்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு பொய் சொன்னேன். எந்தப் பொய்யை யாரிடம் சொன்னேன் என்பதே இப்போது ஞாபகம் இல்லை.

உன் மஞ்சள் தாள் இங்கே வந்துவிட்டது.

மாமல்லபுரத்தில் மூன்று நாள் கன்வென்ஷன் நடந்ததே, எங்கள் கோயிலில் ஆராதனை நடத்தும் உபதேசியார் ஏசுதாஸ் ஐயா போயிருந்தார். அங்கே யாரோ கட்டுக் கட்டாகக் கொடுத்தார்களாம். சனிக்கிழமை கோயிலைப் பெருக்கப் போனேன். அவருடைய வேதாகமத்திலிருந்து மஞ்சளாக ஒரு நுனி நீட்டிக்கொண்டிருந்தது. உருவி வாசித்தேன். எனக்கு முன்னால் நானே நிற்பதுபோல் இருந்தது. இடுப்பில் செருகிக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்து அடுப்பில் போட்டேன். தேவாலயத்தில் திருடியது இதுவே முதல் தடவை.

நேற்று ஆராதனை முடிந்து உபதேசியார் கூப்பிட்டார். "ஆயா, இங்க வச்ச மஞ்சத் தாள் ஒண்ணக் காணோமே, பாத்தியா?" இல்லை ஐயா என்றேன். "போனாப் போவுது, நான்தான் நோட்ல பெரிசா எழுதி வச்சிக்கீறேனே. ரெண்டாந்தேதி திருவிருந்து, சபை நெறையக் கூடும். அன்னிக்குப் படிச்சி ஜெபம் பண்ணலாம்" என்றார். நல்ல மனிதர். அது யாரென்று அவருக்குத் தோன்றவே இல்லை.

வாசிக்காதீர்கள் என்று நான் எப்படிக் கேட்பேன்? கேட்டால் அதுவே போதுமே. இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. நீதான் மூட்டினாய், நீயே வழி சொல்.

ஜெசி

செங்கல்பட்டு
27.8.2001

ஜெசிம்மா,

இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. உபதேசியாருக்கு எழுதலாமென்று மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். எங்களிடமிருந்து கடிதம் போனால், இது என் சபையில் இருப்பவள் என்று அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிடும். நீ சொன்னது சரி.

எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். நீ அன்றைக்குக் கோயிலுக்குப் போ. போகாமல் இருந்தால்தான் சந்தேகம் வரும். எல்லாரோடும் முழங்கால் போடு, எல்லாரோடும் ஆமென் சொல். யாரோ ஒருத்திக்காக ஜெபிக்கிறோம் என்று ஜெபித்துவிட்டுப் போய்விடுவார்கள். அன்று காலை நான் உபவாசமாக இருப்பேன்.

ரெபேக்காள்

மேட்டுக் காலனி
4.9.2001

ரெபேக்கா,

நீ சொன்னபடியே போனேன்.

உபதேசியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரி வரியாக நிறுத்தி வாசித்தார். எல்லாரும் முழங்கால் போட்டோம். செங்கம்மாள் என் பக்கத்தில்தான். "ஆண்டவரே, அந்தச் சகோதரியக் கைவுட்றாதப்பா, அந்தப் பச்சப் புள்ள மொகத்தப் பாருப்பா" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். வேஷம் இல்லை, உண்மையாகவே அழுதாள். நான் ஆமென் சொன்னேன், எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னேன்.

பிறகு ஒவ்வொரு குரலாக நின்றது. பின்னால் ஒன்று, ஜன்னல் பக்கம் ஒன்று. செங்கம்மாளின் அழுகை பாதியில் நின்றது. கண்ணைத் திறந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்காலை ஒரு சாண் தள்ளிப் போட்டாள். உபதேசியார் மட்டும் கண்ணை மூடியபடி உருக்கமாக ஜெபித்துக்கொண்டே இருந்தார்.

அடுத்தது திருவிருந்து. திராட்சரசத்தை ஒரே பாத்திரத்தில்தானே எல்லாரும் குடிப்போம். யாரும் எழுந்திருக்கவில்லை. திருவிருந்து கொடுக்க டவுனிலிருந்து வந்த போதகர் ஐயா பாத்திரத்தை வைத்துக்கொண்டு விழித்தார். நான் எழுந்து, கவியாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அதற்கப்புறம் உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது.

நேற்றுப் பள்ளிக்கூடத்துக்கு நூற்றொன்பது பிள்ளைகளும் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவந்திருந்தார்கள். நான் ஆக்கிய சோறும் சாம்பாரும் ஆவி பறக்க அப்படியே இருந்தது. கவியா மட்டும் தட்டை நீட்டினாள். சாப்பிட்டுவிட்டு மறுபடி வந்தாள், மறுபடியும் வந்தாள். "இன்னொரு கரண்டி போடும்மா" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். நான்காவது தடவை வெளியே போய் வாந்தி எடுத்தாள். அவளுக்குப் பசி இல்லை ரெபேக்கா. பாதி அண்டாவைத் தானே காலி பண்ணிவிடலாம் என்று நினைத்திருக்கிறாள்.

தலைமையாசிரியர் காசிநாதன் சார் கண்ணியமாகத்தான் சொன்னார். "நான் உங்களப் போகச் சொல்லலம்மா. கொஞ்ச நாள் வூட்ல ரெஸ்ட் எடுங்க." கவியாவுக்கும் ரெஸ்ட்டா சார் என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜெசிந்தா

செங்கல்பட்டு
8.9.2001

ஜெசி,

எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. என் கையாலேயே உன்னைத் தெருவில் இழுத்துவிட்டேன். நீ என்னை அடித்தால்கூட வாங்கிக்கொள்வேன்.

உடனே புறப்பட்டு வா. செங்கல்பட்டில் எங்கள் இல்லம் இருக்கிறது, உன்னைப்போல் ஏழு பேர் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். கவியாவை இங்கேயே பள்ளியில் சேர்த்துவிடலாம். எங்கள் ஊழியத்தின் தலைவர் ஆபிரகாம் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கண் கலங்கிவிட்டார். இப்படி ஒரு சகோதரி ஊராரால் பட்ட பாட்டைச் சபைகளுக்கு எழுதினால் எத்தனையோ பேரின் மனம் திரும்பும் என்கிறார். உனக்குச் சம்மதமானால் அடுத்த தாளில் உன் சாட்சியைப் போடலாம். பேர் போடாமல்தான்.

15ஆம் தேதி சனிக்கிழமை நானே வந்து அழைத்துப்போகிறேன்.

ரெபேக்காள்

20.11.2001

ரெபேக்கா,

தபால் முத்திரையைப் பார்த்துத் தேடாதே. வேறு ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.

உன் கடைசிக் கடிதத்தில் பேர் போடாமல்தான் என்ற வரியை நான்கு தடவை வாசித்தேன். பிறகுதான் பெட்டியைக் கட்டினேன். 15ஆம் தேதி வந்து பூட்டிய கதவைப் பார்த்திருப்பாய். அந்த வெயிலில் உன்னை அலையவைத்ததற்கு வருத்தம்தான். ஆனால் உங்கள் இல்லத்துக்கு வந்திருந்தால் நான் மாதா மாதம் மஞ்சள் தாளில்தான் இருந்திருப்பேன்.

இங்கே எனக்கு வேறு பேர். கவியாவுக்கும். ஒரு வேலை கிடைத்திருக்கிறது, சமையல் இல்லை. மாத்திரையை நானே ஆஸ்பத்திரி வரிசையில் நின்று வாங்கிக்கொள்கிறேன். அங்கே யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

உன்மேல் எனக்கு வெறுப்பு இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு பஸ் மாறி ஓடி வந்தது நீ ஒருத்திதான். அதனால்தான் நெஞ்சு ஆறவே மாட்டேன் என்கிறது. எனக்காக ஜெபம் பண்ணாதே என்று சொல்லமாட்டேன். வாயைத் திறக்காமல் பண்ணு.

மாலையானால் காய்ச்சல் மறுபடி வருகிறது. போன மாதத்தைவிட எடை குறைந்திருக்கிறேன். எனக்கு ஏதாவது ஆனால் போக வேண்டிய இடம் என்று கவியாவின் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் உன் விலாசத்தை எழுதி வைத்திருக்கிறேன். என்றைக்காவது அவள் உன் கதவைத் தட்டினால், உள்ளே கூப்பிட்டுச் சோறு போடு. யார் பிள்ளை என்று ஆபிரகாம் ஐயாவிடம்கூடச் சொல்லாதே.

இதற்குப் பதில் எழுத வழி இல்லை. எழுதவும் வேண்டாம்.

பேர் போடவில்லை. யாரென்று உனக்குத் தெரியும்.