பதினோரு மெஷினுக்கும் ஒரே வரி

இன்று காலை எங்கள் கணினி அறையில் ஏர்கோன் பழுது. கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். சூடான ரப்பர் வாசம் நேரே என் மேசைவரை வந்தது. உடனே உன் நினைவு. சுங்கை காடுட் தொழிற்சாலையில் நாம் சேர்ந்த முதல் நாள் இதே வாசத்தை முகர்ந்துவிட்டு, "நம்ம அம்மாங்க மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தாங்க, நாம ரப்பர வேக வைக்கிறோம். அவ்வளவுதான்லா வித்தியாசம்," என்று சிரித்தாய்.

நீ எஸ்டேட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவாய். நான் ரஹாங்கிலிருந்து பெக்டரி பஸ்ஸில் வருவேன். ரப்பர் வளையம் அச்சடிக்கும் பிரஸ் மெஷின்களில் அடுத்தடுத்து நின்றோம். சோதனை நாள் தவறிப்போன ஓர் ஓவனில், நம்முடன் நின்ற பெண்ணின் கை வெந்துபோனது. சோதனைத் தாள்களைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. "இத கம்ப்யூட்டர்ல போட்டா நாள் தவறாம ஞாபகப்படுத்தும்ல?" என்றாய். சனிக்கிழமை வகுப்பில் நாம் நிரல் எழுதப் பழகி அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. சூப்பர்வைசர், "மொதல்ல லைன் வேலைய ஒழுங்கா பாருங்க," என்றார். நீ விடவில்லை. மேனேஜரிடமே போய், திங்கட்கிழமை காலை செய்து காட்டுகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தாய்.

எல்லா மெஷினுக்கும் வேண்டிய எண், இடம், கடைசியாகச் சோதித்த நாள் மூன்றையும், நிரலின் பொது வார்ப்பான தாய் கிளாஸில் வைத்தோம். பிரஸ், ஓவன், வெட்டும் மெஷின் என்று பதினோரு வகை மெஷினும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பிள்ளை கிளாஸ்கள். ஓவனுக்கு வெப்ப அளவு, மற்றவற்றுக்கு அதனதன் அளவு வேண்டுமே என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக, முதலில் ஓடும் தொடக்கப் பகுதி ஒன்றை எழுதினேன். அப்படி எழுதிவிட்டால் தாயின் தொடக்கப் பகுதி தானாக ஓடாது என்பது எனக்குத் தெரியாது. ஓடவிட்டதும், ஓவனுக்கு எண்ணே இல்லை என்று திரையில் பிழை வந்தது. பயந்துபோய், தாயில் இருந்த மூன்று வரிகளையும் பிள்ளைகள் ஒவ்வொன்றிலும் பிரதியெடுத்து ஒட்டினேன். ஓடியது.

"ஓடுது, ஆனா சரியில்லலா," என்றாய். "நாளைக்கு இன்னொன்னு சேக்கச் சொன்னா பதினோரு எடத்துலயும் போயி எழுதுவியா?"

"திங்கக்கெழம ஓடுனா போதும். என்னைய விடுடி," என்று கோபமாகச் சொன்னேன்.

ஞாயிறு காலை என் வீட்டு வாசலில் உன் மோட்டார் சத்தம். முகம் வெளிறியிருந்தது. கேட்டதற்கு வெயில் என்றாய். உட்கார்ந்து நான் ஒட்டிய வரிகளை ஒவ்வொன்றாக அழித்தாய். ஒவ்வொரு பிள்ளையின் தொடக்கத்திலும், தாயின் தொடக்கப் பகுதியை அழைக்கும் ஒரே வரியை எழுதினாய். "அம்மா வேலைய மொதல்ல அம்மா செய்யட்டும். அப்புறம்தான் நம்ம வேல." எனக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. மதியத்துக்குள் பதினொன்றையும் முடித்தோம்.

மறுநாள் மேனேஜர் எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு மலாயில் கேட்டார்: ஒவ்வொரு மெஷினுக்கும் யார் பொறுப்பு என்று இதில் காட்ட முடியுமா? நீ நிதானமாக, "போலே, என்சே," என்றாய். முடியும் ஐயா என்று சொன்னதோடு நிற்கவில்லை. அவர் கண்ணெதிரே தாய் கிளாஸில் ஒரு வரி சேர்த்தாய். பெயர் கொடுக்காதவரை 'இன்னும் நியமிக்கவில்லை' என்று காட்டும்படி அதை எழுதினாய். நிரலை மறுபடி ஓடவிட்டாய். பதினோரு மெஷினுக்கும் பொறுப்பாளர் என்ற இடம் வந்துவிட்டது.

"ஒரே வரியா?" என்று மேனேஜர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

நீ என்னைக் காட்டினாய். "ரெண்டு பேரும் சேந்து எழுதுனது."

அடுத்த மாதமே நம்மைக் கணினி அறைக்கு மாற்றினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே உனக்கு மருத்துவமனையில் சிகிச்சை தொடங்கியிருந்தது என்பது நெடுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று சண்டை பிடித்தேன். "சொன்னா நீ என்னைய ஒக்கார வச்சுட்டு நீயே எழுதியிருப்ப. ஒட்டி ஒட்டி," என்றாய். நோயாளிக் கட்டிலிலும் உனக்கு அந்த நக்கல். மூன்று வருடம் என் பக்கத்து நாற்காலியில் இருந்தாய். பிறகு எஸ்டேட் வீட்டில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். கை வெந்த அந்தப் பெண்தான் உன் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

இப்போது பிள்ளை கிளாஸ்கள் முப்பதைத் தாண்டிவிட்டன. பலவற்றை எழுதியவர்கள் உன்னைப் பார்த்ததே இல்லை. இதுவரை எந்த ஓவனுக்கும் சோதனை நாள் தவறியதில்லை.

போன வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர்கள், இந்த நிரலை வேறு மாநிலத்துத் தொழிற்சாலைக்கும் கொண்டுபோகிறோம் என்றார்கள். எழுதியவர்கள் எந்தப் பல்கலைக்கழகம் என்று ஒருவர் கேட்டார்.

"பிரஸ் மெஷின்ல நின்ன ரெண்டு பொம்பளைங்க சார்," என்றேன்.

அவர் பேனாவை எடுத்துப் பெயர்களைக் கேட்டார். இரண்டையும் சொன்னேன். உன்னுடையதை முதலில்.